கால் டேங்க்

நடந்ததை நடந்தபடிதான் சொல்கிறேனா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. குருமூர்த்தி இதை ஒரே மூச்சில் என்னிடம் சொன்னவரல்ல. ஒரு வார்த்தை சொல்வார், பிறகு வெகுநேரம் சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருந்த நேரங்களில் நானாக இட்டு நிரப்பிக்கொண்டது எவ்வளவு, அவர் வாயால் சொன்னது எவ்வளவு என்று இப்போது பிரித்தெடுக்க முடியவில்லை. அது ஐப்பசியா கார்த்திகையா என்பதுகூட நிச்சயமில்லை. குன்னம் பக்கம் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நின்றிருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது. அதையும் வேறு வருஷத்திலிருந்து எடுத்துவைக்கிறேனோ என்னவோ.

காரைப் பற்றிச் சந்தேகமில்லை. வெள்ளை அம்பாசடர், டீசல் வண்டி. அவர் மனைவி அமிர்தவல்லி செத்துப்போனதிலிருந்து மூன்று வருஷமாகக் கொட்டகையில் நின்றது. மாதத்துக்கு இரண்டொரு தடவை ஸ்டார்ட் செய்து, கொஞ்சநேரம் உறுமவிட்டு, அணைத்துவிட்டுப் போவார். எடுத்து ஓட்டமாட்டார், விற்கவும் மாட்டார். மகள் நந்தினிக்குத் திருச்சியில் சம்பந்தம் முடிந்து தை மாதத்தில் கல்யாணம் என்று ஆன பிறகு, அவள்தான் நச்சரித்து அவரை விற்கச் சம்மதிக்க வைத்தாள்.

திருச்சியிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். பழைய அம்பாசடர்களை வாங்கிப் பளபளப்பாக்கி, மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடுகிறவர். ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கியவர், "பாடி நல்லா இருக்குங்க. ஆனா ஹீட் முள்ளு செவப்புக்குப் போவுதே. மாப்பிள்ளையைத் தூக்கி உக்கார வச்சிட்டு நடுரோட்டுல ரேடியேட்டர் கொதிச்சா என்னை அடிப்பாங்க. அதை மட்டும் சரி பண்ணி வைங்க, எடுத்துக்கறேன்" என்றார். பழைய டீசலை இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றச் சொன்னதும் அவர்தான்.

அப்படித்தான் குருமூர்த்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழையதை இறக்கிவிட்டு ஒரு கேன் புது டீசலை ஊற்றிக்கொண்டு குன்னத்திலிருந்து பெரம்பலூருக்கு வண்டியை எடுத்தார். வழியெல்லாம் கண் ஹீட் முள்ளின் மேலேயே இருந்தது. அது ஏறிக்கொண்டே போவதும், அவர் வேகத்தைக் குறைப்பதுமாகப் போய்ச் சேர்ந்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே வண்டி நின்றுபோன இடத்தைக் கடந்தபோது மட்டும் சாலையின் மறுபக்கம் பார்த்துக்கொண்டார்.

அவரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் அவருக்கு எடை மேடையில் வேலை. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி வந்து மேடையில் நிற்கும். உள்ளே கண்ணாடி அறையில் எண் விழும். அவர் அதைச் சொல்வார். "அவ்ளோ இருக்காது சார், மழைத்தண்ணி சார்" என்று டிரைவர்கள் கெஞ்சுவார்கள், சண்டைக்கு வருவார்கள், அவர் அம்மா வரைக்கும் போவார்கள். அவர் எண்ணைக் காட்டிவிட்டு அடுத்த லாரியைக் கூப்பிடுவார். ஆள் பொய் சொல்வான், மிஷின் சொல்லாது என்பது அவர் வாழ்க்கையில் படித்துத் தேறிய ஒரே பாடம். அது அவருக்குச் சோறு போட்டது. கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கறாரான மனிதர்.

பெரம்பலூரில் நான்கு ரோட்டுப் பக்கம் வைரக்கண்ணுவின் கடை. ஆட்டோ எலக்ட்ரீஷியன். வாய் ஓயாத ஆள். ஒரு கையில் டெஸ்ட் லைட், மறு கையில் போன், போனில் யாரையோ திட்டிக்கொண்டே அம்பாசடரைச் சுற்றி வந்தார்.

"என்ன சார், மியூசியத்துலேர்ந்து ஓட்டிகிட்டு வந்துட்டீங்களா?"

"ஹீட் முள்ளு ஏறிகிட்டே போவுது. அதை மட்டும் பாருங்க."

வைரக்கண்ணு பானட்டைத் தூக்கினார். ரேடியேட்டரின் மேல் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை. வைத்தபடியே குருமூர்த்தியைத் திரும்பிப் பார்த்தார்.

"சார், செவப்புல நிக்கிதுன்னா என் கை இந்நேரம் வெந்திருக்கணும். ராத்திரிச் சோறு வேற இந்தக் கையாலதான் திங்கணும். வண்டி சூடே இல்ல, முள்ளு சும்மா பயமுறுத்துது."

ஹீட் சென்சாரைக் கழற்றிப் பார்த்தார்; வேறொன்றை மாட்டிப் பார்த்தார். முள் அதே இடத்துக்குத்தான் வந்து நின்றது. அப்புறம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, மீட்டர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் டீசல் முள்ளில் நின்றார். அது பாதிக்குக் கொஞ்சம் கீழே நின்றிருந்தது.

"எவ்ளோ டீசல் ஊத்துனீங்க?"

"ஒரு கேன். பத்து லிட்டர்."

"பத்து லிட்டருக்குப் பாதி டேங்க்கா? கேன்ல ஊத்துனீங்களா, அண்டாவுல ஊத்துனீங்களா?"

"டீசல் மீட்டரைத் தொடாதீங்க" என்றார் குருமூர்த்தி. "அது சரியா இருக்கு."

அவர் குரல் எழும்பியிருந்தது. பக்கத்துப் பஞ்சர் கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது வைரக்கண்ணுவுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் எல்லாரும் குன்னத்திலும் அரியலூரிலும் இருந்தார்கள்.

அமிர்தவல்லியின் தம்பி செல்லப்பன். அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் வேறு பிள்ளைகள் இல்லை. அரியலூரில் குடியிருந்துகொண்டு சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அவசரத்துக்கு மாமாவின் அம்பாசடரை எடுத்துப்போவான். திருப்பிக் கொண்டுவந்து விடும்போது அக்கா கையால் சாப்பிட்டுவிட்டுப் போவான். அப்படித்தான் ஒருநாள் மாமியாரை ஊரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து சாவியைக் கொடுத்தான். "கால் டேங்க் இருக்கு மாமா, நாளைக்கு நான் ஊத்திடறேன்" என்று சொல்லிவிட்டு, நேரமாகிவிட்டதால் அங்கேயே தங்கினான். மறுநாள் குருமூர்த்தி வேலைக்குப் போன பிறகு, பதினோரு மணி வாக்கில், அமிர்தவல்லி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். செல்லப்பன் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். பாதி வழியில் வண்டி இருமி இருமி நின்றுபோனது.

டேங்க்கில் டீசல் இல்லை.

வயலில் நின்ற டிராக்டர்காரரிடம் ஓடிப்போய் டீசல் வாங்கிவந்து ஊற்றினான். டீசல் வண்டி ஒருமுறை வறண்டுவிட்டால் குழாயில் காற்றுப் பிடித்துக்கொள்ளும். ஊற்றின உடனே கிளம்பாது. அவன் செல்ஃப் அடித்து அடித்துப் பார்த்தான். கடைசியில் சின்ன வெங்காய மூட்டை ஏற்றிவந்த லோடு ஆட்டோவைக் கையைக் காட்டி நிறுத்தி, மூட்டைகளின் மேல் அக்காவைப் படுக்கவைத்தான். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை.

"முள்ளு கால்லதான் மாமா நின்னுச்சு. வண்டி நிக்கிறப்பவும் கால்லதான் நின்னுச்சு" என்று அவன் சொன்னான். ஆஸ்பத்திரியில் சொன்னான், வீட்டு வாசலில் சொன்னான், கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் சொன்னான்.

குருமூர்த்தி ஒரு ஆளை அனுப்பி, டேங்க் நிறைய டீசல் ஊற்றி, வண்டியை எடுத்துவரச் சொன்னார். வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தபோது வண்டி வந்து நின்றது. போய்ச் சாவியைத் திருப்பிப் பார்த்தார். முள் ஃபுல்லில் நின்றது. டேங்க்கும் ஃபுல். அவ்வளவுதான், அவருக்கு அது போதுமானதாக இருந்தது. மீட்டர் சரியாக இருக்கிறது. அப்படியென்றால் ஆள்தான் சரியில்லை. ஊர் சுற்றி டீசலைத் தீர்த்துவிட்டுக் கால் டேங்க் இருக்கிறது என்று வாய் கூசாமல் சொல்லியிருக்கிறான்.

எங்கள் பக்கம் கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். அண்ணனோ தம்பியோ அதைத் தட்டில் வைத்து எடுத்துவந்து உடம்பின் மேல் போர்த்த வேண்டும். பிறந்த வீட்டின் கடைசிச் சேலை அது. அது விழாமல் யாரும் பாடையைத் தூக்கமாட்டார்கள். செல்லப்பன் மேளத்தோடு கோடி எடுத்துக்கொண்டு தெருமுனையில் திரும்பினான். குருமூர்த்தி பந்தலைவிட்டு இறங்கிப்போய் வழியை மறித்து நின்றார்.

"ஒங் கோடி எம் பொண்டாட்டி மேல வுழக்கூடாது. அப்படியே திரும்பிப் போயிடு."

மேளம் நின்றுவிட்டது. பெரியவர்கள் ஓடிவந்து பேசினார்கள். "பொணத்த வச்சிகிட்டு ஏம்ப்பா" என்றார்கள். தாய்க்குத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த நந்தினி எழுந்துவந்து, "மாமா பொய் சொல்லாதுப்பா" என்றாள். அவர் மகளைப் பார்த்துக் கேட்டார்:

"அப்ப வண்டி பொய் சொல்லுச்சா?"

செல்லப்பன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றான். பிறகு திரும்பிப் போனான். பிறந்த வீட்டுக் கோடி இல்லாமலேதான் அமிர்தவல்லி போனாள். அதன்பிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை.

வைரக்கண்ணு தொடாதே என்றால் தொடுகிற ஆள். "சார், ரெண்டு முள்ளும் ஒரே பக்கமா ஏறுது. நீங்க ஒண்ண மட்டும் பாரு, இன்னொண்ண பாக்காதன்னா எப்படி? காய்ச்சல் வந்தவன் தலைய மட்டும் தொட்டுப் பாரு, ஒடம்பத் தொடாதன்னு சொல்ற மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே பின்பக்கம் போய், டேங்க்கின் மேலிருந்த ஒயரைக் கழற்றினார்.

"முள்ளு எங்க நிக்கிது, பாத்துச் சொல்லுங்க."

குருமூர்த்தி உள்ளே எட்டிப் பார்த்தார். "கீழ வந்திடுச்சு. காலின்னு காட்டுது."

வைரக்கண்ணு அந்த ஒயரின் நுனியை வண்டியின் தகரத்தில் தொட வைத்தார். "இப்ப?"

"ஃபுல்."

"ஃபுல்லுலயா, ஃபுல்லையும் தாண்டியா?"

குருமூர்த்தி குனிந்து பார்த்தார். முள் கடைசிக் கோட்டைத் தாண்டிப் போய் முட்டிக்கொண்டு நின்றது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பந்தல் போட்ட அன்றும் அது அங்கேதான் நின்றதா? அன்று அவர் கோட்டைப் பார்க்கவில்லை. நிறைந்திருக்கிறது என்பதை மட்டும்தான் பார்த்தார்.

"தாண்டிதான் நிக்கிது" என்றார்.

"ஒயர் நல்லாருக்கு. மீட்டரும் உசுரோட இருக்கு. மிதவைதான் மக்கர் பண்ணும்" என்று சொல்லி வைரக்கண்ணு டேங்க்குக்குள் இருந்த மிதவையைக் கழற்றி வெளியே எடுத்தார். அதை ஏற்றி இறக்கி, மீட்டர் வைத்துப் பார்த்தார். மிதவையில் ஒரு குறையும் இல்லை. "சே, தண்டமா கழட்டிட்டேன். கையெல்லாம் டீசலு" என்று துணியில் துடைத்துக்கொண்டே வந்து, கடை வாசலில் குந்தி உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். பாதி பீடி போனதும் கேட்டார்:

"சார், இந்த ஹீட் முள்ளு எப்பலேர்ந்து ஏறுது? இப்பத்தானா, முன்னயேவா?"

குருமூர்த்தி யோசித்தார். முன்பேதான். அமிர்தவல்லி இருக்கும்போதே. ஒரு தடவை திருமானூர்ப் பக்கம் கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது முள் சிவப்பைத் தொட்டதும், அவர் பயந்து வண்டியை ஓரங்கட்டியதும், அவள் சொம்புத் தண்ணீரை நீட்டி "இதை ஊத்துங்க" என்றதும் ஞாபகம் வந்தது. மறுநாளே ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கொடுத்தார். அடைப்பு ஒன்றும் இல்லை என்று மெக்கானிக் சொல்லி அனுப்பினான்.

"முன்னாடியேதான். மூணு வருஷத்துக்கு மேல இருக்கும்."

"அப்ப ரெண்டும் ஒரே வியாதி. ஒங்க வூட்டுல ஃப்ரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் வச்சிருக்கீங்கள்ல? அது மாதிரி இதுக்கும் உள்ளார சின்னப் பொட்டி ஒண்ணு இருக்கு. பேட்டரி கரண்ட்ட அளந்து இந்த ரெண்டு முள்ளுக்கும் குடுக்கும். அந்தப் பொட்டிக்கு எர்த்து போச்சுன்னா அளக்காம அப்படியே தூக்கிக் குடுத்துடும். ரெண்டு முள்ளும் இருக்கறதுக்கு மேல காட்டும்."

"இருக்கறதுக்கு மேலயா?"

"ஆமா. கொஞ்சூண்டு டீசல் இருந்தா கால் டேங்க்கும்பான். நம்பி ஓட்டுனா நடுரோட்டுலதான் நிக்கணும்."

பீடியை எறிந்துவிட்டு அவர் போய் மீட்டர் பலகையின் திருகுகளைக் கழற்றத் தொடங்கினார். குருமூர்த்தி வெயிலில் நின்றார். உள்ளே போய் நிழலில் உட்காருங்க சார் என்று பஞ்சர் கடைக்காரர் சொன்னது அவர் காதில் விழவில்லை.

பலகை வெளியே வந்தது. வைரக்கண்ணு தலையை உள்ளே விட்டார். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டார். பிறகு வாயிலிருந்து டார்ச்சை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"எவனோ ஒரு கிறுக்கன் பண்ண வேலை சார் இது! பொட்டிக்கு எர்த்து போற திருகுலயே ஒரு லைட்டு ஒயரக் கொண்டாந்து சொருவியிருக்கான். சொருவுனவன் ஒழுங்காச் சீவிச் சொருவியிருக்கலாம்ல? மேல்தோலோட சேத்து வச்சு முறுக்கியிருக்கான். நுனிக் கம்பி திருகத் தொடறதால லைட்டு எரியும், ஆனா பொட்டி தகரத்தத் தொடவே இல்ல. பிளாஸ்டிக்கு மேல ஒக்காந்திருக்கு. எந்த எலக்ட்ரீஷியன் சார் இதப் பாத்தது? அவன் கையில சூடு போடணும்."

சிவப்பு ஒயர் ஒன்றை நுனியைப் பிடித்து வெளியே இழுத்துக் காட்டினார். அதன் மறுமுனை டேஷ்போர்டின் மேல் ஒட்டியிருந்த சிறுவாச்சூர் அம்மன் படத்துக்கு முன்னால் இருந்த சின்னச் சிவப்பு பல்புக்குப் போனது.

எந்த எலக்ட்ரீஷியனும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது அமிர்தவல்லி அந்தப் படத்தை வாங்கினாள். "லாரிக்காரனெல்லாம் சாமிக்கு லைட்டு வச்சிருக்கான். நம்ம வண்டியில அம்மா இருட்டுலயே ஒக்காந்திருக்கா" என்றாள். இதற்குப் போய் ஒரு எலக்ட்ரீஷியனா என்று குருமூர்த்தியே ஒரு ஞாயிற்றுக்கிழமை மீட்டர் பலகையைக் கழற்றினார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து டார்ச் பிடித்தது அவள்தான். பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள். வெளிச்சம் கூரைக்குப் போய்விடும். "ஏய், இங்க பிடி" என்பார். சிரித்துக்கொண்டே பிடிப்பாள். கடைசித் திருகை அவர் தடவிப் பார்த்து, இருட்டிலேயே முறுக்கினார். பல்பு எரிந்ததும் அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சார்? சார், தண்ணி குடிக்கிறீங்களா?"

வைரக்கண்ணு ஒயரின் தோலைச் சீவி, வேறொரு திருகில் மாட்டி, பெட்டியின் அடியில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தகரத்தோடு ஒட்ட வைத்து முறுக்கினார். மிதவையைத் திரும்ப மாட்டினார். சாவியைத் திருப்பினார். ஹீட் முள் மெதுவாக எழுந்து நடுவுக்கும் கீழே நின்றது. டீசல் முள் காலிக்குச் சற்று மேலே வந்து நின்றது.

"அவ்ளோதான் சார். இதுதான் நெசம்" என்றார்.

குருமூர்த்தி வண்டியை எடுக்கவில்லை. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் வீடு திரும்பினார்.

நந்தினி பத்திரிகை உறைகளில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் உட்கார்ந்தார். அவள் எழுந்து விளக்கைப் போட்டுவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். அப்போதுதான் சொன்னார். திருகு, ஒயர், பெட்டி என்று எல்லாவற்றையும் சொன்னார். ஒயரின் தோல் எப்படி மாட்டிக்கொண்டது என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு உறைகளை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"ஒயர் விஷயத்த வுடுங்கப்பா. அது யாருக்கும் நடக்கும். கோடியத் தடுத்தீங்களே, அது ஒயரா?"

அவர் எழுந்து வெளியே போனார். அன்று இருவரும் சாப்பிடவில்லை.

மறுநாள் அவர் அரியலூருக்கு பஸ் ஏறினார். செல்லப்பன் வீடு அவருக்கு மறக்கவில்லை. கதவைத் திறந்த மலர்கொடி, செல்லப்பனின் மனைவி, வாங்க என்று சொல்லவில்லை. உள்ளே பார்த்து, "குன்னத்துலேர்ந்து வந்திருக்காங்க" என்றாள். பேரோ முறையோ சொல்லவில்லை. இருந்தாலும் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவருக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள்.

செல்லப்பன் உள்ளேயிருந்து வந்தான். முடியெல்லாம் நரைத்திருந்தது. எதிர்ச் சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தான்.

"லாரிக்குப் போவலையா?" என்று குருமூர்த்தி கேட்டார். வேறெதைக் கேட்பது என்று தெரியாமல் கேட்டார்.

மலர்கொடிதான் பதில் சொன்னாள். "வண்டியில ஏறி ஒக்காந்தாலே வேத்துக் கொட்டுது. முள்ளயே பாத்துகிட்டு ஓட்டுனா ரோட்ட யாரு பாக்கறது? ஓனரு எறக்கி வுட்டுட்டாரு. அரிசி மில்லுல மூட்ட தூக்கறாரு."

குருமூர்த்தி சொல்லத் தொடங்கினார். இந்தத் தடவை சுருக்கமாகச் சொன்னார். "நீ சொன்னதுதான்டா நெசம். முள்ளு கால்லதான் நின்னிருக்கும். எங் கையாலதான் கெட்டுது. நான்தான் அந்த லைட்ட மாட்டுனேன்."

செல்லப்பன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. தெருவில் ஒரு பால் வண்டி மணியடித்துக்கொண்டு போனது.

"ஏன் மாமா இப்ப வந்து சொல்றீங்க?"

"நேத்துதான்டா தெரிஞ்சுது."

"நான் முள்ளப் பாக்கவே இல்லன்னு முடிவு பண்ணிட்டேன் மாமா. எல்லாரும் சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான் ஆயிப்போச்சு. பாத்த மாதிரி ஒரு நெனப்பு, பாக்காத மாதிரி ஒரு நெனப்பு. போன வருஷம் சிறுவாச்சூருக்குப் போயி, நான்தான் பாக்காம ஓட்டிட்டேன், நான்தான் கொன்னுட்டேன்னு ஒத்துகிட்டு மொட்ட போட்டேன். அதுக்கப்பறம்தான் கொஞ்சம் தூக்கம் வந்துச்சு. இப்ப அதுவும் இல்லங்கறீங்க."

குருமூர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லைட்டு அக்கா கேட்டு மாட்டுனதா?"

"ஆமா."

"அதையேதான் பாத்துகிட்டு வந்துச்சு. முன் சீட்டுல சாச்சுதான் படுக்க வச்சிருந்தேன். வண்டி நின்னப்பறமும் லைட்டு எரிஞ்சுகிட்டுதான் இருந்துச்சு."

மூன்று வருஷத்தில் குருமூர்த்தி இதைக் கேட்டதில்லை. அவள் கடைசி நேரத்தில் கூட இருந்தவன் இவன் ஒருவன்தான். இவன் வாயைத் திறந்தாலே பொய் என்று அடைத்துவிட்டார். அதோடு சேர்த்து எதையெல்லாம் அடைத்தோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"என்ன சொன்னா?" என்று கேட்டார். மறுபடி கேட்டார். "ஏதாவது சொன்னாளாடா?"

"டீசல் இருக்கான்னு கேட்டுச்சு. கால் டேங்க் இருக்குக்கா, நீ பேசாம படுன்னேன். ஒங்களுக்குப் போன் போடறேன்னேன். வேணாம், வேலையில இருப்பாரு, பதறிப் போயிடுவாரு, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுச் சொல்லிக்கலாம்னுச்சு." நிறுத்தினான். "வெங்காய மூட்ட குத்துதாக்கான்னு கேட்டேன். அதுக்குப் பதில் சொல்லல."

மலர்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

குருமூர்த்தி அழவில்லை என்றுதான் என்னிடம் சொன்னார். அழுதிருப்பார் என்று நான் நினைக்கிறேன். போகும் நேரத்தில், நந்தினி கல்யாணத்தைச் சொன்னார். தாய்மாமன் வந்து நிற்க வேண்டும், மாலை எடுத்துக் கொடுக்க வேண்டும், அன்று எல்லார் முன்னாலும் தன் தப்பைச் சொல்லிக் கும்பிட்டுக் கேட்கிறேன் என்றார்.

"அதெல்லாம் சொல்லாதீங்க. இன்னொரு தடவ ஊரு கூடி எங்க அக்காவப் பத்திப் பேச வேணாம்." செல்லப்பன் எழுந்தான். "புள்ளைக்காக வர்றேன். ஒங்களுக்காக வர முடியாது மாமா. மனசு வரல."

குருமூர்த்தி குடிக்காமல் விட்ட தண்ணீரை மலர்கொடி வந்து எடுத்து முற்றத்தில் ஊற்றினாள்.

தை மாதம் நந்தினியின் கல்யாணம் பெரம்பலூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. செல்லப்பன் முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்தான். தாய்மாமன் சீரைக் குறையில்லாமல் செய்தான். மாலை எடுத்துக் கொடுத்தான். பெண்ணின் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் பண்ணினான். குருமூர்த்தி பக்கத்தில்தான் நின்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பந்திக்குக் கூப்பிடப் போனபோது அவன் பஸ் ஏறிவிட்டான் என்றார்கள்.

திருச்சிக்காரர் அம்பாசடரை எடுத்துப்போய் நீல வண்ணம் அடித்து ஓட்டிக்கொண்டிருக்கிறார். வைரக்கண்ணு புறவழிச்சாலைக்குக் கடையை மாற்றிவிட்டார். அவர் கண்டுபிடித்தது என்ன என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. நந்தினி திருச்சியில் இருக்கிறாள். அப்பாவோடு தினமும் போனில் பேசுகிறாள், சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாள், அம்மாவைப் பற்றி எடுப்பதில்லை. செல்லப்பனும் மலர்கொடியும் அரியலூரிலேயே இருக்கிறார்கள். அவன் இன்னும் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறான், வண்டி ஓட்டுவதில்லை. குருமூர்த்தி சென்ற வருஷம் ஓய்வு பெற்றார். குன்னத்தில் தனியாக இருக்கிறார். குருமூர்த்தியும் செல்லப்பனும் அதன்பிறகு பேசிக்கொண்டதில்லை.